அகிராவைத் தேடாமல் டெட்சுவோவைப் பாருங்கள்

கேள்வி: அனிமேஷன் படங்கள் அதிகம் பார்க்காதவன் நான். பலரும் சொல்கிறார்களே என்று 1988-இல் வந்த ஜப்பானியப் படமான ‘அகிரா’வைப் பார்த்தேன். காட்சிகள் அசரவைத்தன. ஆனால் கதை பாதிக்கு மேல் பிடிபடவில்லை. அகிரா யார், கடைசியில் என்னதான் நடந்தது என்பது விளங்கவே இல்லை. அந்தப் பையனின் உடம்பு வீங்கிக்கொண்டே போகும் காட்சியில் குமட்டிவிட்டது. இதை ஏன் இவ்வளவு பெரிய படம் என்கிறார்கள்? இன்னொரு தடவை பார்க்கலாமா, விட்டுவிடலாமா?

பதில்:

முதல் தடவை பார்க்கும்போது ‘அகிரா’வின் கதை பெரும்பாலானவர்களுக்குப் பிடிபடுவதில்லை. உங்கள் கவனத்தில் குறையில்லை, படம் எடுக்கப்பட்ட விதமே அப்படி. நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டதால் முடிவு உட்பட எல்லாவற்றையும் வெளிப்படையாகவே பேசுகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

இந்தப் படத்தின் இயக்குநர் கட்சுஹிரோ ஓட்டோமோ. கதையும் அவருடையதுதான். 1982-இன் கடைசியில் ‘யங் மேகசின்’ இதழில் இதைப் படக்கதைத் தொடராக, அதாவது மங்காவாக, வரையத் தொடங்கினார். அது முடிந்தது 1990-இல். மொத்தம் இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல், ஆறு தொகுதிகள். படமோ 1988 ஜூலை 16 அன்று வெளியானது. தொடரை இடையில் நிறுத்திவைத்துவிட்டு அவரே படத்தை இயக்கினார். ஆக, கதை எங்கே போய் முடியும் என்பது படக்கதையில் வரைந்து முடிக்கப்படுவதற்கு முன்பே திரையில் அதற்கு ஒரு முடிவு கொடுக்க வேண்டியிருந்தது. அத்தனை பக்கங்களில் விரிய வேண்டிய உலகம் 124 நிமிடங்களுக்குள் அடைபட்டிருக்கிறது. மங்காவில் மிக முக்கியமான பாத்திரமான மியாக்கோ, படத்தில் தெருவில் ஏதோ ஒரு மதக்கூட்டத்தின் தலைமையாகச் சில நொடிகள் தெரிந்துவிட்டு மறைந்துபோகிறார். அரசாங்க சபையின் சண்டை, நெசு என்ற அரசியல்வாதியின் இரட்டை வேடம், ரியூவின் புரட்சிக் குழு எல்லாம் துண்டு துண்டாக வந்துபோகின்றன. வசன வரிகளைப் படித்துக்கொண்டே இத்தனை பேரையும் தொடர வேண்டும், நடுவில் கண்ணைப் பறிக்கும் காட்சிகளையும் பார்க்க வேண்டும். யாருக்கானாலும் ஏதாவது ஒன்று கைநழுவத்தான் செய்யும்.

பின்னணியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். அரசாங்கம் ரகசியமாகக் குழந்தைகளை வைத்து மனோசக்திச் சோதனை நடத்துகிறது. அவர்களில் அகிரா என்ற ஒருவனிடம் அந்தச் சக்தி கட்டுக்கடங்காமல் வெளிப்பட்டு, 1988-இல் டோக்கியோ நகரமே அழிகிறது. உலகம் அதை ஏதோ புதுவகைக் குண்டு என்று நினைத்துக்கொள்கிறது, மூன்றாம் உலகப்போர் மூள்கிறது. 31 ஆண்டுகள் கழித்து, 2019-இல், அழிந்த நகரத்தின் பக்கத்திலேயே எழுந்துவிட்ட நியோ டோக்கியோவில் கதை நடக்கிறது. அதே சக்தி இப்போது தெருவில் பைக் ஓட்டித் திரியும் டெட்சுவோ என்ற பையனிடம் விழித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். சபையில் யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்பதெல்லாம் மறந்துபோனாலும் படம் உங்களைக் கைவிடாது.

இன்னொரு குழப்பத்தைத் தலைப்பே உண்டாக்குகிறது. ‘அகிரா’ என்று பெயர் வைத்துவிட்டால், பார்ப்பவர் அகிராவுக்காகக் காத்திருப்பார். படத்தில் உள்ளவர்களும் அப்படித்தான் காத்திருக்கிறார்கள். தெருவில் கூட்டம் கூட்டமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூவுகிறார்கள், ராணுவ அதிகாரி அந்தப் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறார். ஒலிம்பிக் மைதானத்துக்கு அடியில் உறைநிலையில் வைத்திருக்கும் அந்த ராட்சத அறையை டெட்சுவோ பிளந்து திறந்தால், உள்ளே ஆள் இல்லை. கண்ணாடிக் குடுவைகளில் போட்டுவைத்த உடற்பாகங்கள்தான் மிச்சம். அந்த இடத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். எனக்கு அந்த ஏமாற்றம்தான் படத்தின் மிக நேர்மையான இடமாகத் தோன்றுகிறது. எல்லோரும் கடவுள் என்றும் பேய் என்றும் பேசியது, அறுத்துப் பார்த்தும் விளங்கிக்கொள்ள முடியாமல் பயந்துபோய்ப் பூட்டிவைத்த ஒரு சிறுவனின் மிச்சத்தைப் பற்றித்தான்.

இங்கே ஒரு சின்னத் தகவல். சோதனைக் குழந்தைகளுக்கு எண்கள் உண்டு: கியோக்கோ 25, தக்காஷி 26, மசாரு 27, அகிரா 28. டெட்சுவோவுக்கு 41. அந்த 28 சும்மா வந்த எண் இல்லை. மிட்சுதெரு யொகோயாமா 1956-இல் தொடங்கிய ‘டெட்சுஜின் 28’ என்ற ராட்சத ரோபோக் கதைக்கு ஓட்டோமோ செய்யும் மரியாதை அது. டெட்சுவோவின் நண்பன் கனேடா, ராணுவ அதிகாரி கேணல் ஷிக்கிஷிமா ஆகியோரின் பெயர்களும் அங்கிருந்து வந்தவைதான். அந்தப் பழைய கதையின் ரோபோ, போருக்காக ரகசியமாக உருவாக்கப்பட்ட ஆயுதம். ஒரு சிறுவன் அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்து நல்லது செய்வான். ஓட்டோமோவின் கதையில் சிறுவனே ஆயுதமாகிவிடுகிறான், கட்டுப்படுத்த யாரும் இல்லை.

சரி, அகிராவை விட்டுவிட்டு யாரைப் பார்ப்பது? டெட்சுவோவைத்தான். படத்தின் முதல் சில நிமிடங்களுக்குத் திரும்பிப் போங்கள். மதுக்கடைக்கு வெளியே கனேடாவின் சிவப்பு பைக் நிற்கிறது. டெட்சுவோ அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கனேடா வெளியே வந்து, இதையெல்லாம் உன்னால் ஓட்ட முடியாது, வேண்டுமானால் நீயே ஒன்று பிடித்துக்கொள் என்கிற தோரணையில் பேசிவிட்டுப் போகிறான். அதில் வன்மம் ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்தவனை எப்போதும் தம்பியாகவே நடத்திப் பழகிய பேச்சு அது. ‘என்னாலும் ஓட்ட முடியும்’ என்று டெட்சுவோ முணுமுணுப்பது யார் காதிலும் ஏறவில்லை. முழுப் படமும் அந்த முணுமுணுப்பிலிருந்துதான் கிளம்புகிறது. அடுத்து வரும் துரத்தலிலும் அவன் எல்லோரையும் முந்திப் போய் ஒருவனை வீழ்த்திக் காட்டுகிறான். ‘நானும்தான்’ என்று நிரூபிக்கப் போன அந்த ஓட்டத்தில்தான் தக்காஷி மேல் மோதுகிறான், ராணுவத்தின் கையில் சிக்குகிறான்.

பிறகு மருத்துவமனையிலிருந்து தப்பி வருபவன் என்ன செய்கிறான் என்று கவனித்தீர்களா? கனேடாவின் பைக்கை எடுத்துக்கொண்டு, கவோரி என்ற தோழியை ஏற்றிக்கொண்டு ஓடிப் போகிறான். நடுவழியில் வண்டி அணைந்துவிடுகிறது. எதிராளிக் கும்பல் சூழ்ந்துகொள்கிறது, கவோரியைக் கொடூரமாக நடத்துகிறது. வந்து காப்பாற்றுவது யார்? கனேடாதான். டெட்சுவோ அப்போது நன்றி சொல்லவில்லை, எப்போதும் நீயே வந்து என்னைக் காப்பாற்ற வேண்டுமா என்று வெடிக்கிறான். அந்த ஆத்திரத்தின் உச்சத்தில்தான் தலைவலி வந்து அவனைக் கீழே தள்ளுகிறது. விஞ்ஞானிகள் வரைபடத்தில் பார்த்து வியக்கும் ‘சக்தி’க்கு எரிபொருளாக இருப்பது இந்தத் தாழ்வுணர்ச்சிதான். அறிவியல் புனைகதைகளில் சக்தி கிடைத்தவன் உலகைக் காப்பான், அல்லது ஆளப் பார்ப்பான். டெட்சுவோவுக்கோ நகரமே கையில் கிடைத்த பிறகும், கனேடா தன்னைச் சமமாகப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் வேண்டியிருக்கிறது. இருவரையும் பிணைத்திருப்பது அநாதை விடுதியில் தொடங்கிய பழக்கம். அதைப் படம் கடைசியில்தான் முழுதாகக் காட்டுகிறது. முன்பே தெரிந்துகொண்டு பார்த்தால் ஒவ்வொரு சண்டையும் வேறு மாதிரி வலிக்கும்.

குமட்டிய காட்சிக்கு வருகிறேன். அந்தக் காட்சியின் திறவுகோலைப் படம் முன்பே ஒரு சின்ன உரையாடலில் தந்துவிடுகிறது. கேய் என்ற பெண்ணும் கனேடாவும் ஒரே அறையில் அடைபட்டிருக்கும்போது, கியோக்கோ என்ற அந்த முதிய முகக் குழந்தை கேயின் வழியாகப் பேசுகிறாள். மனிதன் வீடு கட்டுகிறான், பாலம் கட்டுகிறான், ராக்கெட் விடுகிறான். அதற்கான அறிவும் ஆற்றலும் எங்கிருந்து வருகின்றன? பூச்சிக்கும் மீனுக்கும் அதற்கு முந்தைய உயிர்களுக்கும் உள்ளே அது இருந்திருக்குமோ? அப்படியானால், ஏதோ ஒரு கோளாறில் ஒரு அமீபாவுக்கு மனிதனுடைய அளவு ஆற்றல் கிடைத்துவிட்டால் என்ன ஆகும்? அமீபா வீடு கட்டாது, பாலம் கட்டாது. சுற்றியுள்ள எல்லாவற்றையும் விழுங்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கனேடாவுக்கு இது எதுவும் விளங்கவில்லை, அவன் கவனம் கேயின் மேல்தான் இருக்கிறது. அதனால் நாமும் பேச்சைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். மைதானத்தில் டெட்சுவோவின் உடம்பு கட்டுமீறிப் பெருகி, சதையும் குழாயுமாய் இருக்கையையும் சுவரையும் மனிதர்களையும் விழுங்கும்போது நாம் பார்ப்பது அந்த அமீபாவைத்தான்.

ஆகவே குமட்டியது சரியான எதிர்வினைதான். சக்தி என்றால் ஒளி, வேகம், பறத்தல் என்று பழகிவிட்ட கண்ணுக்கு, கட்டுப்படாத சக்தி சதையில் எப்படி இருக்கும் என்று ஓட்டோமோ காட்டுகிறார். அதற்கு நடுவில் டெட்சுவோ அழைக்கும் பெயரைக் கேளுங்கள். சிவப்புத் துணியைத் தோளில் போர்த்திக்கொண்டு ராஜாவைப் போல் உட்கார்ந்திருந்தவன், கனேடாவைத்தான் உதவிக்குக் கூப்பிடுகிறான். தன்னைத் தேடி வந்த கவோரி தனக்குள்ளேயே நசுங்குவதை உணர்ந்து கதறுகிறான். வேண்டாம் வேண்டாம் என்று அவன் யாரிடம் முரண்டு பிடித்தானோ, அவனைத் தவிர அழைக்க வேறு ஆள் இல்லை.

முடிவில் நடப்பது இதுதான். மூன்று குழந்தைகளும் சேர்ந்து அகிராவை எழுப்புகிறார்கள். குடுவைகள் உடைகின்றன, ஒரு நொடி அகிரா சிறுவனாகவே தோன்றுகிறான். தொடக்கத்தில் டோக்கியோவை விழுங்கிய அதே வெள்ளைக் கோளம் விரிந்து டெட்சுவோவை உள்ளே எடுத்துக்கொள்கிறது. கனேடாவும் மாட்டிக்கொள்கிறான். அவனை மீட்க வேண்டும் என்று தக்காஷி உள்ளே பாய, மற்ற இருவரும் பின்தொடர்கிறார்கள். திரும்பி வர முடியாது என்று தெரிந்தேதான் போகிறார்கள். உள்ளே கனேடா பார்ப்பது டெட்சுவோவின் நினைவுகளை. கனேடா, கேய், கேணல், இன்னும் சிலர் பிழைக்கிறார்கள். டெட்சுவோ வேறெங்கோ ஒரு பிரபஞ்சத்தின் தொடக்கமாக ஆகிறான் என்றே அந்த ஒளியும், ‘நான் டெட்சுவோ’ என்ற கடைசிக் குரலும் சொல்கின்றன. 41 என்று எண் போட்டவர்களிடமிருந்தும் தம்பியாகவே நடத்தியவர்களிடமிருந்தும் விடுபட்டு அவன் தன் பெயரைச் சொல்லும் ஒரே இடம் அதுதான். இயற்பியலாக அதை அலசத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அடுத்து, ஏன் பெரிய படம் என்கிறார்கள் என்ற கேள்வி. கதையை ஒதுக்கிவிட்டுக் கைவேலையை மட்டும் பார்த்தாலும் அதற்குப் பதில் கிடைக்கும். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள், ஓடுகின்றன. 1963-இல் ‘அஸ்ட்ரோ பாய்’ தொடங்கியதிலிருந்து ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேஷன், செலவைக் குறைக்க ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்திவைக்கும் முறையை வழக்கமாக்கிக்கொண்டது. நொடிக்கு எட்டு ஓவியம் போதும். முகம் அசையாது, வாய் மட்டும் திறந்து மூடும். ‘அகிரா’வில் பல காட்சிகளுக்கு ஓவியங்களை அதைவிட நெருக்கமாக வரைந்தார்கள். ஒளிபுகும் செல் தாள்களில் கையால் தீட்டியவை மட்டும் 1,60,000-க்கு மேல். கணினி உதவி மிகச் சில இடங்களில் மட்டுமே. மற்றதெல்லாம் தூரிகையும் கேமராவும்.

குரலிலும் வழக்கத்தை மாற்றினார்கள். ஜப்பானில் முதலில் படம் வரைந்து, அதற்கேற்ப நடிகர்கள் பேசுவதுதான் முறை. இங்கே வசனத்தை முன்பே பதிவு செய்து, அதைக் கேட்டுக் கேட்டு வாயசைவை வரைந்தார்கள். அதனால் டெட்சுவோ கத்தும்போது உதடு மட்டும் அசையாது, தாடையும் கழுத்து நரம்பும் சேர்ந்து இழுபடும். அடுத்த தடவை அவன் முகத்தை நெருக்கமாகக் காட்டும் இடங்களில் அதை மட்டும் கவனியுங்கள்.

நிறத்தைச் சொல்லாமல் விட முடியாது. பயன்படுத்திய வண்ணங்கள் 327. அவற்றில் 50 இந்தப் படத்துக்காகவே கலக்கப்பட்டவை. கதையின் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. அந்தக் கால அனிமேஷனில் இரவென்றால் நீலத்தைப் பூசி முடித்துவிடுவது வழக்கம். இங்கே இரவு சிவப்பாகவும் பச்சையாகவும் விளக்குகளில் நனைந்து கிடக்கிறது. கட்டடங்களின் ஆயிரம் ஜன்னல்களிலும் தனித்தனியாக வெளிச்சம் எரிகிறது. பைக்குகள் திரும்பும்போது பின்விளக்கின் சிவப்பு, வண்டி போய்விட்ட பிறகும் காற்றில் ஒரு கோடாக நீண்டு நின்று, மெல்ல மங்குகிறது. அந்தக் கோடு நிஜத்தில் கேமராவின் பிழை. நீண்ட நேரம் திறந்துவைத்த புகைப்படத்தில்தான் விளக்குகள் இப்படி இழுபடும். அந்தப் பிழையைக் கையால் வரைந்து வேகமாக்கியிருக்கிறார்கள். கனேடா வண்டியைக் குறுக்கே திருப்பிச் சறுக்கி நிறுத்தும் அந்த ஒரு காட்சியைப் பிறகு எத்தனையோ அனிமேஷன் கலைஞர்கள் தங்கள் படைப்புகளில் மறுபடி வரைந்து மரியாதை செய்திருக்கிறார்கள்.

இசையும் அப்படித்தான். எதிர்கால நகரம் என்றதும் சின்தசைசர் மட்டும் போட்டுவிடாமல், ‘கெய்னோ யமாஷிரோகுமி’ என்ற கூட்டுக் குழுவிடம் ஓட்டோமோ போனார். அதை வழிநடத்தியவர் ஷோஜி யமாஷிரோ என்ற பெயரில் இசையமைக்கும் ஒரு விஞ்ஞானி. குழுவில் இருந்தவர்கள் முழுநேர இசைக்கலைஞர்கள் அல்ல, வேறு வேறு தொழில் செய்தவர்கள். இந்தோனேசிய கமெலானின் உலோக ஒலி, மூங்கில் வாத்தியம், ஜப்பானிய நோ நாடகத்தின் ஓதல், நூற்றுக்கு மேற்பட்ட குரல்கள் என்று கலந்திருக்கிறார்கள். பைக் துரத்தலில் கேட்கும் ‘ரஸ்ஸேரா’ என்ற கோஷம், வடஜப்பானில் அவோமோரியின் நெபுத்தா திருவிழாவில் ஊர்வலமாய்ப் போகிறவர்கள் எழுப்புவது. அடுத்த நூற்றாண்டின் வீதியில் பழைய திருவிழாவின் கோஷம் ஒலிக்கும்போது உண்டாகும் உணர்வை எந்த மின்னணு ஒலியும் தந்திருக்காது.

இதெல்லாம் ஜப்பானில் எந்த மண்ணிலிருந்து முளைத்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஓட்டோமோ பிறந்தது 1954-இல். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. டோக்கியோவும் 1945 மார்ச்சில் ஒரே இரவில் தீக்குண்டுகளால் எரிந்த நகரம்தான். அடுத்து 1964-இல் அதே நகரம் ஒலிம்பிக் நடத்தியது. அறுபதுகளின் முடிவில் மாணவர்கள் தலைக்கவசமும் தடியுமாகக் காவல்துறையோடு மோதினார்கள். எழுபது, எண்பதுகளில் பைக் கும்பல்கள் இரவுத் தெருக்களை அலறவைத்தன. குண்டு, மறுகட்டுமானம், ஒலிம்பிக், கலவரம், பைக் என்று ஒரு தலைமுறை கடந்து வந்ததையெல்லாம் எதிர்காலம் என்ற பெயரில் ஒரே நகரத்துக்குள் வைத்தார் ஓட்டோமோ. புது மைதானத்துக்கு அடியில் பழைய அழிவு உறைந்து கிடப்பதை இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால், அது வெறும் கதைத் திருப்பமாகத் தெரியாது.

படத்தில் நியோ டோக்கியோ 2020 ஒலிம்பிக்குக்குத் தயாராகிறது. போட்டிக்கு இன்னும் 147 நாள் என்ற பலகையும், அதன் கீழே ‘நிறுத்து’ என்று யாரோ கிறுக்கியதும் வருகின்றன. நிஜ டோக்கியோவிலும் 2020-இல் ஒலிம்பிக் நடக்கவிருந்தது. தொற்றுப் பரவி, அந்த ஆண்டு மார்ச் 24 அன்று தள்ளிவைக்கப்பட்டது. அதற்கு முன்பே, பிப்ரவரி கடைசியில் சரியாக 147 நாள் இருந்தபோது, ஜப்பானில் பலர் இந்தப் பலகையின் படத்தைப் பகிர்ந்தார்கள். இது தற்செயல்தான், தீர்க்கதரிசனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

குறைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. பெரிய குறை கவோரி. அவள் அடிபடவும் அழவும் நசுங்கவும் மட்டுமே படத்தில் இருக்கிறாள், அவளுக்கென்று ஒரு வாக்கியம்கூட மனதில் நிற்பதில்லை. அவள் மேல் நடக்கும் வன்முறையை அவ்வளவு நேரம் காட்டியிருக்கவும் வேண்டியதில்லை. கேய் கொஞ்சம் தேவலை, ஆனால் முக்கியமான இடங்களில் அவளும் வேறொருத்தியின் குரலுக்கு வாகனம்தான். அரசியல் பகுதியைப் பற்றி முன்பே சொன்னேன். அங்கே உங்களுக்குச் சலிப்பு தட்டியிருந்தால் உங்கள் பக்கம்தான் நியாயம். இன்னொன்று, ‘அனிமேஷன்தானே’ என்று குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படம் இது இல்லை.

மறுபடி பார்க்கலாமா என்றால், உடம்பு உருமாறும் காட்சிகள் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அதில் தவறேதும் இல்லை. கதை புரியாததுதான் உறுத்துகிறது என்றால் கட்டாயம் பாருங்கள், ஆனால் உடனே வேண்டாம், சில வாரம் போகட்டும். ஜப்பானிய ஒலியையே வையுங்கள். வாயசைவை அந்தக் குரல்களைக் கேட்டுத்தான் வரைந்திருக்கிறார்கள், வேறு மொழிக் குரலில் அந்தப் பொருத்தம் போய்விடும். 2020-இல் 4கே தரத்தில் புதுப்பித்த பிரதி கிடைத்தால் இன்னும் நல்லது, இருட்டுக்குள் இருக்கும் நிறங்கள் அதில் தெளிவாகத் தெரியும். சபைக் காட்சிகளில் வசன வரியை விட்டுவிட்டு முகங்களைப் பாருங்கள். கேயும் கனேடாவும் அடைபட்டிருக்கும் காட்சியில் மட்டும் ஒரு வரியையும் விடாதீர்கள்.

அப்புறமும் ஆர்வம் மிச்சமிருந்தால் மங்காவைக் கையில் எடுங்கள். அகிரா உண்மையிலேயே ஒரு சிறுவனாக விழித்தெழுவது அங்கேதான். மூன்றாவது தொகுதியின் முடிவிலேயே நியோ டோக்கியோ இடிந்து விழுந்துவிடுகிறது. அதற்குப் பின்னும் முழுதாக மூன்று தொகுதிகள் இருக்கின்றன. இடிபாடுகளுக்குள் மக்கள் எப்படி வாழ்கிறார்கள், யாரைக் கும்பிடுகிறார்கள், யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பதை ஓட்டோமோ அங்கே பொறுமையாக வரைந்திருக்கிறார். படத்தில் சில நொடிகளில் மறைந்த மியாக்கோவும் அங்கே முழுமையாகக் கிடைப்பார்.